1999 ஹோண்டா சிட்டி: ரேடியேட்டரும் முன் பிரேக்கும் மாத்தணும், தருமபுரி பக்கம் என்னென்ன கவனிக்கணும்?

பாலக்கோட்டான் – கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1999 ஹோண்டா சிட்டி 1.5, மேனுவல் கியர், 13 இன்ச் வீல். ரெண்டு வேலை ஒண்ணா வந்து நிக்குது.

ஒண்ணு ரேடியேட்டர். பிளாஸ்டிக் டேங்க் பழுப்பேறிப் போச்சு, மேல் ஹோஸ் மாட்டுற கழுத்துல மயிரிழை விரிசல். ஊருக்குள்ள ஓட்டினா முள் பாதிக்குக் கீழேயே நிக்குது. டோல்கேட் வரிசையிலயும் பிரச்சினை இல்ல. கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏத்தத்துல ஏசியோட போனா முக்கால் வரை ஏறுது, ஏசியை அணைச்சா மெதுவா இறங்குது. இவ்வளவு நாளும் ஊத்தினது போர் தண்ணி, கூட எப்பவாவது பச்சை கூலன்ட்.

இன்னொண்ணு பிரேக். சேலம் போற வழியில தொப்பூர் மலை இறக்கத்துல ஆரம்பத்துல பெடல் நல்லா இருக்கு. இரட்டைப் பாலம் வர்றதுக்குள்ள மெத்துன்னு கீழ போகுது. ஓரமா நிறுத்தி ஆற வெச்சா பழையபடி ஆயிடுது. 80-ல பிரேக் வெச்சா ஸ்டீயரிங் உதறுது. முன் டிஸ்க் ஒரு தடவை லேத்ல இழைச்சதுதான்.

கேட்க வேண்டியது: பட்டறையில கட்டித்தர்ற செம்பு ரேடியேட்டர் போடலாமா, இல்ல அலுமினியமே வாங்கலாமா? முன்னாடி பெரிய டிஸ்க் மாத்தினா தொப்பூர் பிரச்சினை தீருமா? ரெண்டு வேலையையும் வீட்டுல செய்ய என்ன சாமான் வாங்கி வைக்கணும்?

---

நீலக்கூலன்ட்

ரேடியேட்டரைப் பத்தி மட்டும் சொல்றேன், பிரேக்கை விவரம் தெரிஞ்சவங்க எடுத்துக்கட்டும்.

காசு போடுறதுக்கு முன்னாடி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) நல்லா இருக்கான்னு பாத்துடுங்க. காலையில எஞ்சின் சில்லுனு இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆரம்பத்துல நாலஞ்சு குமிழ் வர்றது சகஜம். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க நிக்காம குமிழ் வந்தா கேஸ்கெட் போயிருக்கு, அப்புறம் புது ரேடியேட்டர் போட்டு பிரயோசனம் இல்ல. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையிலயும் மேல் ஹோஸ் விறைப்பா இருந்தாலும் அதே சந்தேகம்தான். இந்த எஞ்சின்ல ஹெட்டும் பிளாக்கும் அலுமினியம். ஒரு தடவை நல்லா கொதிச்சா ஹெட் வளைஞ்சிடும்.

நீங்க சொல்ற அறிகுறியே பாதி விடை சொல்லிடுச்சு. நிக்கும்போது சூடேறி ஓடும்போது இறங்கினா ஃபேன் பக்கம் பாக்கணும். நிக்கும்போது சரியா இருந்து ஏத்தத்துல மட்டும் ஏறினா கோர் (ரேடியேட்டர் நடுவுல தண்ணி ஓடுற மெல்லிசுக் குழாய்கள்) அடைச்சிருக்கு, தண்ணி போதுமான அளவு ஓடல. உங்களுது ரெண்டாவது ரகம். எஞ்சின் சூடான பிறகு ஃபேனை நிறுத்தி கோரை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால அங்கங்க அளந்து பாருங்க. அடைச்ச இடம் தனியா சில்லுனு காட்டும்.

அடைச்சதுக்குக் காரணம் தண்ணி. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் தண்ணின்னாலே ஃபுளோரைடு பேச்சுதான். ரேடியேட்டரை அடைக்கிறது ஃபுளோரைடு இல்ல, போர் தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும். இதுல இன்னொரு விஷயம் இருக்கு. ஜப்பான் கம்பெனிகளோட கூலன்ட்ல துரு தடுக்க பாஸ்பேட் சேர்த்திருப்பாங்க, சிலிகேட் இருக்காது. அந்த பாஸ்பேட் கடினத் தண்ணியில இருக்கிற கால்சியத்தோட சேர்ந்தா வெள்ளையா படிஞ்சிடும். அதாவது நல்ல கூலன்ட்டை வாங்கி போர் தண்ணியில கலக்கினா, துருவைத் தடுக்க வேண்டிய மருந்தே அடைப்பா மாறி நிக்கும். ஐரோப்பியக் கம்பெனிகள் பாஸ்பேட்டை ஒதுக்கினதே அவங்க ஊர்த் தண்ணி கடினமா இருக்கிறதாலதான்.

அதனால பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் தண்ணி மட்டும்தான். ஒகேனக்கல் குழாய்த் தண்ணி குடிக்க நல்லது, ரேடியேட்டருக்கு வேண்டாம், அதுலயும் உப்பும் குளோரினும் இருக்கு. வழியில அவசரத்துக்கு எது கிடைச்சாலும் ஊத்தி வீடு வந்து சேருங்க, வந்ததும் வடிச்சிடுங்க.

செம்பா அலுமினியமா? செம்பு கோர்ல டேங்க்கைப் பிரிச்சு ராடு விட்டுக் குத்தி அடைப்பெடுக்கலாம், ஓட்டை விழுந்தா ஈயம் வெச்சு அடைக்கலாம். அந்த வசதி உண்மைதான். ஆனா இந்த வண்டியில இடம் கம்மி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகை வெளியேறுற சூடான குழாய்) முன்பக்கம், ரேடியேட்டரைப் பாத்தமாதிரி இருக்கு. ரெண்டு வரிசைக் கோர் போட்டா தடிமன் கூடி ஃபேன் மோட்டார் பின்னால தள்ளும், மேனிஃபோல்ட் சூட்டுல மோட்டாரோட ஆயுசு குறையும். கட்டித்தர்ற ஆள் பழைய ரேடியேட்டரை முன்னாடி வெச்சு அதே தடிமன், அதே மூடிக் கழுத்து, அதே கீழ்க் கால் அளவுன்னு செஞ்சா மட்டும் போடுங்க. இல்லேன்னா ஒரு வரிசை அலுமினியமே போதும், கம்பெனி போட்டதும் அதுதான்.

வேலை முறை:

எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும். பேட்டரி நெகட்டிவை எடுத்துட்டு, ஹீட்டர் நாப்பை முழு சூட்டுல வெச்சுட்டு, கீழே இருக்கிற பிளாஸ்டிக் வடிகால் திருகைத் திறங்க. அதுல ரேடியேட்டர் தண்ணி மட்டும்தான் வடியும். எஞ்சின் பிளாக்கோட பின்பக்கம், டேஷ்போர்ட் பக்கமா, தனியா ஒரு வடிகால் போல்ட் இருக்கு. அதையும் திறந்தாத்தான் சேறு முழுசா வரும். கை எட்டாதுன்னு பல பட்டறையில அதைத் தொடுறதே இல்ல.

ஹோஸ் ஒட்டிக்கிட்டிருந்தா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. எப்படியும் ஹோஸை மாத்தத்தான் போறீங்க, நீளவாக்குல கத்தியால கீறி உரிச்சிடுங்க. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏத்தபடி கூலன்ட் வழியைத் திறந்து மூடுற வால்வு) இருக்கிற ஹவுசிங் பக்கக் கழுத்து அலுமினியம், அதுல கத்தி கீறல் விழுந்தா அங்கயே ஒழுகும், அந்தப் பக்கம் நிதானம். ரெண்டு ஃபேனோட கனெக்டரையும் கழட்டுங்க. மேலே ரெண்டு பிடிப்பு, 10 ஸ்பேனர். ஏசி கண்டென்சர் முன்னால தனியா நிக்கும், கேஸ் லைனைத் தொடவே வேண்டியதில்ல. நடுவுல ஒரு அட்டையைச் சொருகிட்டு ரேடியேட்டரை நேரா மேலே தூக்குங்க. கீழே ரெண்டு ரப்பர் குஷன் பழையதோட போயிடும், மறக்காம எடுத்து வைங்க. அது இல்லாம மாட்டினா டேங்க் அதிர்ந்து அதிர்ந்து சீக்கிரம் விரிசல் விடும்.

புதுசு மாட்டுறதுக்கு முன்னாடி பிளாக்கைக் கழுவணும். முதல் ரெண்டு மூணு கழுவல் குழாய்த் தண்ணியில செய்யலாம், கடைசி ரெண்டும் டிஸ்டில்ட். ஆசிட், காஸ்டிக் சோடா ரெண்டும் அலுமினியத்தைத் தின்னும், பக்கத்துலயே கொண்டு வராதீங்க. கழுவின பிறகு எவ்வளவு வடிச்சாலும் உள்ளே கொஞ்சம் தண்ணி தங்கும். அதனால தண்ணி கலந்து வர்ற ரெடிமிக்ஸ் வாங்காம, தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்க. முதல்ல 2 லிட்டர் கான்சன்ட்ரேட், பிறகு நிறையும் வரை டிஸ்டில்ட் தண்ணி. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வந்துடும். பழைய பச்சைக் கூலன்ட்டோட புது நீலக் கூலன்ட்டைக் கலக்க வேண்டாம்.

உள்ள சிக்கின காத்தை வெளியேத்துற வேலையில, அதாவது ஏர் எடுக்கிறதுலதான், நிறைய பேர் கோட்டை விடுறாங்க. தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் ஒரு சின்ன பிளீட் போல்ட் இருக்கும். அதை லேசா தளர்த்திட்டு மூடிக் கழுத்துல மெதுவா ஊத்துங்க. குமிழ் இல்லாம நேர்க்கோடா கூலன்ட் வந்ததும் இறுக்குங்க. அலுமினிய மரை, 10 நியூட்டன் மீட்டர் போதும். அப்புறம் மூடி இல்லாம எஞ்சினை ஓட விட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரை பொறுங்க, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்க. ஹீட்டர்ல சூடான காத்து வரணும். முள் ஏறியும் ஹீட்டர் சில்லுனு ஊதினா உள்ள இன்னும் ஏர் இருக்கு.

மூடியும் புதுசா போடுங்க. அது அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற வால்வு. கூடுதலா 1 பார் அழுத்தம் இருந்தா வெறும் தண்ணியே 120 டிகிரியிலதான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோட புது ரேடியேட்டரும் மேலுமலையில கொதிக்கும்.

---

காரிமங்கலம்\_கார்

இவ்வளவு எதுக்கு? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா வேலை முடிஞ்சது. நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்ல.

---

பட்டறைப்பையன்

அண்ணா, கோச்சுக்காதீங்க, அது பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம். ஹோண்டாவுல தெர்மோஸ்டாட் 78 டிகிரி வாக்குல திறக்க ஆரம்பிச்சு 90-ல முழுசா திறந்துடும். வெயில் எவ்வளவு அடிச்சாலும் 40 டிகிரி வாக்குலதான், எஞ்சினுக்கு வேண்டியது 80-க்கு மேல. கழட்டிட்டா நெடுஞ்சாலையில எஞ்சின் சூடேறவே ஏறாது. இன்ஜெக்‌ஷன் வண்டி, எஞ்சின் சில்லுனு இருக்குன்னு நினைச்சுக்கிட்டு பெட்ரோலைக் கூட ஊத்திக்கிட்டே இருக்கும். மைலேஜ் போகும், ஆயில்ல பெட்ரோல் கலக்கும், சிலிண்டர் தேயும். ஏத்தத்துல சூடேறுறதுக்குக் காரணம் அடைப்புன்னா, அடைப்பு அப்படியேதான் இருக்கும். முள் மட்டும் கொஞ்ச நாள் பொய் சொல்லும்.

சந்தேகமா இருந்தா பாத்திரத்துல தண்ணி சுட வெச்சு, தெர்மோஸ்டாட்டை நூல்ல தொங்க விட்டு, தெர்மாமீட்டரோட பாருங்க. திறக்கலேன்னா புதுசு வாங்குங்க. மாட்டும்போது தெர்மோஸ்டாட் விளிம்புல இருக்கிற சின்ன ஆடுற பின் மேல்பக்கம் வரணும், அது வழியாத்தான் ஏர் வெளியேறும்.

ஃபேனைச் சோதிக்க சுலப வழி: சூடானதும் ஃபேனை ஓட விடுற தெர்மோ சுவிட்ச்சோட கனெக்டரைக் கழட்டி, ரெண்டு பின்னையும் ஒரு வயர்த் துண்டால இணைச்சு சாவியைப் போடுங்க. ஃபேன் ஓடினா மோட்டாரும் ரிலேயும் நல்லா இருக்கு. வண்டியில தானா ஓடலேன்னா சுவிட்ச்தான் கெட்டிருக்கு.

பாலக்கோட்டான் சார், இன்னொரு விஷயம். வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்ல ஓடுது. பம்புக்குக் கீழே சின்ன ஓட்டை இருக்கும், அதைச் சுத்தி வெள்ளையாவோ பச்சையாவோ கறை இருந்தா சீல் போயிட்டு வருது. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினதுன்னு தெரியலேன்னா பம்பு, பெல்ட், டென்ஷனர் மூணையும் இதே கையோட முடிச்சிடுங்க. கூலன்ட் எப்படியும் வடிஞ்சிருக்கு, ரெண்டு தடவை வடிக்க வேண்டாம்.

---

மேலுமலை

பிரேக்குக்கு வர்றேன்.

பெடல் எப்படித் தோத்துப் போகுதுன்னு பாருங்க. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலேன்னா பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற கட்டை) அளவுக்கு மீறி சூடாகிப் பிடிப்பு விட்டிருக்கு. பெடல் மெத்துன்னு கீழ போனா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி உண்டாகியிருக்கு. ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகிடும், பெடலும் திரும்ப வந்துடும். உங்களுது இந்த ரெண்டாவது ரகம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3-ங்கிற தரத்து ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறினா 140-லயே கொதிக்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230-ம் 155-ம். இந்த வண்டிக்கு ரெண்டுமே ஆகும், டாட் 4 வாங்குங்க. 1 லிட்டர் இருந்தா மொத்தத்தையும் மாத்தலாம். டாட் 5-ன்னு விக்கிறது சிலிகோன், இதுல சேரவே சேராது. டாட் 5.1 வேற வகை, அது டாட் 4-ஓட சேரும். டப்பாவைப் படிச்சுப் பாத்து வாங்குங்க.

பெரிய டிஸ்க் ஆசையை விட்டுடுங்க. 13 இன்ச் ரிம்முக்குள்ள பெரிய காலிபர் (பேட்டை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) இடிக்கும், வீலும் மாத்த வேண்டி வரும். காலிபர் பிஸ்டன் பெருசானா அதே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற பாகம்) கூடுதல் ஆயில் தள்ளணும், பெடல் இன்னும் ஆழமாப் போகும். முன்பக்கம் மட்டும் பிடிப்பு கூடினா முன்–பின் கணக்கு கெடும். உங்க டிஸ்க் சின்னதா இருக்கிறது குத்தமில்ல. ஆயில் பழசு, டிஸ்க் மெல்லிசு, ஒருவேளை காலிபர் இறுகியும் இருக்கலாம்.

டிஸ்க்கை இன்னொரு தடவை இழைக்கலாமான்னு தெரிஞ்சுக்க டிஸ்க்லயே குறைஞ்சபட்சத் தடிமன் பொறிச்சிருக்கும். மைக்ரோமீட்டரால சுத்தி எட்டு இடத்துல அளங்க. அந்த அளவை நெருங்கிட்டா இழைக்காதீங்க, மாத்துங்க. மெல்லிசு டிஸ்க் சூட்டைத் தாங்காது, அந்தச் சூடு அப்படியே ஆயிலுக்குப் போகும். தொப்பூர்ல நடக்கிறது இதுதான்.

முன்பக்கம் கழட்டுற முறை:

வீல் நட்டுக்கு 19 ஸ்பேனர். வண்டியை ஜாக் ஸ்டாண்டுல நிறுத்துங்க, ஜாக்கை மட்டும் நம்பிக் கைய உள்ள விடாதீங்க. காலிபர் போல்ட் ரெண்டையும் எடுத்து, காலிபரைக் கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்க விட்டா ஹோஸ் உள்ள கிழியும். காலிபரைத் தாங்குற பிராக்கெட்டோட போல்ட் ரெண்டும் 17. அதை எடுத்ததும் டிஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது ரெண்டு ஸ்க்ரூதான்.

அந்த ரெண்டு ஸ்க்ரூதான் ஹோண்டாவோட சாபம். அது ஜப்பான் அளவுத் தலை, நம்ம கடை ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதுல முழுசா உக்காராது, ஒரு திருகுல தலை வழுக்கிடும். சுத்தியால அடிக்க அடிக்கத் திரும்புற இம்பேக்ட் டிரைவரும், 3-ம் நம்பர் பிட்டும் வேணும். முந்தின நாளே துருத் தளர்த்தும் எண்ணெய் அடிச்சு வைங்க. அப்படியும் வழுக்கிட்டா தலையை மட்டும் டிரில் போட்டு எடுங்க. ஓடும்போது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது வீல் நட்டுதான், ஸ்க்ரூ இல்லேன்னாலும் வண்டி ஓடும். ஹப்ல டிஸ்க் ஒட்டிக்கிட்டிருந்தா டிஸ்க் முகத்துல ரெண்டு மரை ஓட்டை இருக்கும். 8 மி.மீ. போல்ட் ரெண்டை மாத்தி மாத்தி இறுக்கினா தானா கழண்டு வரும், சம்மட்டி தேவையில்ல.

ஸ்டீயரிங் உதறலுக்கு: ஹப் முகத்துல இருக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால பளிச்சுன்னு எடுக்காம புது டிஸ்க் போட்டா உதறல் திரும்ப வந்துடும். டிஸ்க் ஓரத்துல டயல் கேஜ் வெச்சுச் சுத்தினா ஆட்டம் 0.10 மி.மீ.க்குள்ள இருக்கணும். டிஸ்க் வளைஞ்சிடுச்சுன்னு லேத்துக்கு வர்ற பல டிஸ்க்ல வளைவே இருக்காது, ஹப்ல ஒரு துருப் பொடிதான் இருக்கும்.

காலிபர் பிஸ்டனை உள்ள தள்ளும்போது பிளீட் நிப்பிள்ல (ஆயிலும் காத்தும் வெளியேத்துற சின்னத் திருகு) டியூப் மாட்டி, நிப்பிளைத் திறந்துட்டுத் தள்ளுங்க. காலிபர்ல இருக்கிற கறுத்த ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பக் கூடாது. சீல் கிட் மாத்துறதா இருந்தா சீல் உக்கார்ற பள்ளத்துல இருக்கிற துருவை மரக்குச்சியால சுரண்டி எடுங்க. அங்க பொடி இருந்தா புது சீலும் இறுகும். ரப்பருக்குப் புது பிரேக் ஆயிலோ ரப்பர் கிரீஸோதான், சாதா கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிப்போகும். சிலைடு பின்னுக்கு சிலிகோன் கிரீஸ். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒண்ணா இல்லாம இருக்கலாம், கழட்டும்போதே அடையாளம் போடுங்க.

இறுக்கம்: பிராக்கெட் போல்ட்டும் வீல் நட்டும் 108 நியூட்டன் மீட்டர். ஹோஸைக் கழட்டினா, அதைக் காலிபர்ல பிடிக்கிற பான்ஜோ போல்ட்டோட ரெண்டு வாஷரும் புதுசு. பழைய வாஷரைத் திருப்பிப் போட்டா பெரும்பாலும் கசியும்.

---

ஸ்பேனர்10

மேலுமலை அண்ணா சொன்னதோட, ஏர் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது சிலது.

பழைய வண்டியில பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சு ஏர் எடுக்காதீங்க. தினசரி ஓட்டத்துல மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் பாதி தூரம்தான் போகும், அதுக்கு அப்பால சுவர்ல துரு இருக்கும். திடீர்னு முழு ஆழம் போனா சீல் உதடு அந்தத் துருவுல உரசிக் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வெச்சுட்டு மிதிக்கச் சொல்லுங்க. ஏர் எடுத்தது நேத்து, மாஸ்டர் சிலிண்டர் போனது இன்னைக்குன்னு பட்டறைக்கு வர்ற வண்டிகள்ல பாதி இதுனாலதான்.

வரிசை: ஹோண்டா மேனுவல் கையில இருந்தா அதுல இருக்கிறபடி. இல்லேன்னா மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது, அடுத்து பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. ரிசர்வாயர் மட்டம் இறங்கி உள்ள காத்து போனா முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும். ஒவ்வொரு வீல்லயும் புது ஆயில் நிறம் வர்ற வரை விடுங்க. நிப்பிள் 10 அளவு, ரிங் ஸ்பேனர் போடுங்க. பைப் நட்டுக்கு ஃப்ளேர் நட் ஸ்பேனர், ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை உருண்டுடும். பெயிண்ட்ல பிரேக் ஆயில் சொட்டினா துடைக்காதீங்க, உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

பின் டிரம்மைத் திறந்து பாக்காம விடாதீங்க. வீல் சிலிண்டர் ரப்பர் தொப்பியை லேசா தூக்கிப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா கசிய ஆரம்பிச்சாச்சு. ஷூ இடைவெளி கூடிப்போனாலும் பெடல் கீழ போகும். டிரம்லயும் அதிகபட்ச விட்டம் பொறிச்சிருக்கும். உள்ள இருக்கிற தூசியைக் கம்ப்ரசர் காத்துல ஊதாதீங்க, பிரேக் கிளீனரோ தண்ணியோ அடிச்சுக் கழுவுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்ல.

---

பாலக்கோட்டான்

எல்லாருக்கும் நன்றி. முன் வீலைக் கழட்டிப் பாத்தேன். இடது பக்கம் உள் பேட் தகடு வரைக்கும் தேஞ்சிருக்கு, வெளிப் பேட் பாதிக்கு மேல இருக்கு. வலது பக்கம் ரெண்டும் சமமா இருக்கு. டிஸ்க் ரெண்டும் பொறிச்ச அளவுக்குக் கீழ போயிடுச்சு, அதனால புதுசுதான்.

ரேடியேட்டருக்கு ரெண்டு வழி இருக்கு. சென்னை புதுப்பேட்டையில ஒரு பழையது, ஆட்டோமேட்டிக் வண்டியில இருந்து எடுத்தது. இல்லேன்னா பெங்களூரு ஜே.சி. ரோட்டுல புது ஆஃப்டர் மார்க்கெட் அலுமினியம். ஆட்டோமேட்டிக்கோடது நம்ம மேனுவலுக்கு ஆகுமா?

---

மேலுமலை

உள் பேட் மட்டும் தேஞ்சா இடது காலிபர்ல சிலைடு பின் இறுகியிருக்கு. பிஸ்டன் உள்பக்கம் தள்ளுது, காலிபர் நகந்து வெளிப்பக்கத்தை இழுக்கணும், பின் இறுகினதால நகரல. பின்னை வெளிய எடுத்து, ஓட்டையைச் சுத்தம் பண்ணி, கையால தள்ளினா தடையில்லாம ஓடுதான்னு பாருங்க. குழி விழுந்திருந்தா பின்னை மாத்துங்க. பேட் உக்கார்ற தகட்டு கிளிப்பும் புதுசு போடுங்க, அங்க துரு ஏறினாலும் பேட் நகராது. சத்தமிடும் தேய்மானத் தகடு வெச்ச பேட் உள்பக்கம் வரணும்.

ஓட்டிப் பாத்துட்டு வந்து ரெண்டு முன் வீலையும் தொடாம, கிட்ட கையைக் காட்டிச் சூட்டைப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடா இருந்தா, ஜாக்ல தூக்கி வீலைச் சுத்துங்க. பிரேக் மிதிச்சு விட்ட பிறகும் இறுக்கமா இருந்தா நிப்பிளைத் திறங்க. திறந்ததும் வீல் சட்டுன்னு சுத்தினா கோளாறு காலிபர்ல இல்ல, ஹோஸ் உள்ள ஊதி வழியை அடைச்சிருக்கு. இத்தனை வருஷ ஹோஸை நாலையும் மாத்திடுறதுதான் சரி.

---

நீலக்கூலன்ட்

ஆட்டோமேட்டிக் ரேடியேட்டர்ல கீழ கியர் ஆயிலை ஆற வைக்க ரெண்டு நிப்பிள் கூடுதலா இருக்கும். மேனுவல் வண்டியில அதை ரப்பர் தொப்பி போட்டு மூடிட்டு ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது. தலைகீழா, மேனுவல் ரேடியேட்டரை ஆட்டோமேட்டிக் வண்டியில போடக் கூடாது, கியர் ஆயில் ஆற வழி இல்லாம கியர்பாக்ஸ் போயிடும்.

ஆனா பழையதை வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். அதோட பிளாஸ்டிக் டேங்க்கும் உங்க டேங்க் வயசுதான். உங்களுது இப்போ விரிசல் விடுதுன்னா அதுக்கும் நாள் நெருங்கிடுச்சு. புதுசை வாங்கும்போது பழைய ரேடியேட்டரைக் கையோட கொண்டு போங்க. கழுத்து விட்டம், மூடி உக்கார்ற ஆழம், கீழ்க் கால் இடைவெளி, ஃபேன் மாட்டுற நாலு ஓட்டை, எல்லாம் கடையிலயே வெச்சுப் பாருங்க. மூடிக் கழுத்து ஆழம் ஒரு மி.மீ. தப்பினாலும் அழுத்தம் நிக்காது.

வாங்கி வைக்க: ரேடியேட்டர், 1.1 பார் மூடி, மேல் கீழ் ஹோஸ், நாலு கிளாம்ப், தெர்மோஸ்டாட்டும் அதோட கேஸ்கெட்டும், ரிசர்வ் டேங்க்குக்குப் போற சின்ன ஹோஸ் ஒரு மீட்டர், கான்சன்ட்ரேட் கூலன்ட் 3 லிட்டர், டிஸ்டில்ட் தண்ணி 15 லிட்டர். அந்தச் சின்ன ஹோஸை எல்லாரும் மறப்பாங்க. அதுல விரிசல் இருந்தா எஞ்சின் ஆறும்போது டேங்க்ல இருந்து கூலன்டுக்குப் பதில் காத்தை உறிஞ்சும். டேங்க் நிறைஞ்சே இருக்கும், ரேடியேட்டர் காலியாகும்.

---

பட்டறைப்பையன்

பிரேக்குக்கு: டிஸ்க் ரெண்டு, பேட் செட் ஒண்ணு, பேட் கிளிப், காலிபர் சீல் கிட் ரெண்டு, ஹோஸ் நாலு, பான்ஜோ வாஷர் எட்டு எடுத்தா மிச்சமிருக்கும், டாட் 4 ஒரு லிட்டர், சிலிகோன் கிரீஸ் ஒரு டியூப், பிரேக் கிளீனர் ரெண்டு டின். புது டிஸ்க் மேல எண்ணெய்ப் பூச்சு இருக்கும், கிளீனரால துடைச்ச பிறகுதான் பேட் படணும்.

மாட்டினதும் வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிங்க. பிஸ்டன் உள்ள தள்ளி வெச்சிருக்கும், முதல் மிதி தரைக்குத்தான் போகும். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல 60-ல இருந்து 20 வரைக்கும், முழுசா நிறுத்தாம, எட்டு பத்து தடவை மிதமா பிரேக் வைங்க. நடுவுல ஆற விட்டு ஆற விட்டு. சூடான புது டிஸ்க்ல வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடிச்சா பேட் தடம் ஒரே இடத்துல ஒட்டும், உதறல் திரும்ப ஆரம்பிக்கும். முதல் நாளே தொப்பூர் இறங்காதீங்க.

தொப்பூர்ல இறங்கும்போது மேலயே மூணாவது கியர் போட்டுட்டு, தேவைப்பட்டா ரெண்டாவது. லேசா பிரேக் மேலயே கால் வெச்சுக்கிட்டு இறங்கக் கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைச்சு, முழுசா விட்டு, ஆற விட்டு, திரும்ப அழுத்தணும். நியூட்ரல்ல விட்டா எஞ்சின் பிடிப்பு போகும், அதோட சாவியையும் அணைச்சா பூஸ்டர்ல (பெடல் மிதிக்கிறதுக்கு உதவுற பாகம்) வாக்குவமும் ரெண்டு மூணு மிதியில தீந்துடும்.

---

காரிமங்கலம்\_கார்

சரிப்பா, தெர்மோஸ்டாட்டை உள்ளயே வெச்சுக்கறேன். ஒரு கேள்வி. வடிச்ச பழைய கூலன்ட்டை என்ன பண்றது? நான் வாய்க்கால்லதான் ஊத்துவேன்.

---

ஸ்பேனர்10

வேண்டாம் அண்ணா. எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் ஆடு மாடும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் போயிடும். வடிக்கும்போதே அகலமான தட்டுல பிடிச்சு, மூடி இருக்கிற கேன்ல ஊத்தி வைங்க. பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிப் போறவங்ககிட்ட சேர்த்துக் கேளுங்க. ஆயிலோட மட்டும் கலக்காதீங்க, கலந்தா ரெண்டையுமே வாங்க மாட்டாங்க. பிரேக் ஆயிலும் தனிக் கேன்.

பாலக்கோட்டான் அண்ணா, 200 கிலோமீட்டர் ஓடின பிறகு எஞ்சின் ஆறினதும் ஹோஸ் கிளாம்ப் எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க, கூலன்ட் மட்டத்தைப் பாருங்க, வீல் நட்டைத் திரும்ப 108-க்கு இறுக்குங்க.